தளவாய் அண்ணாச்சியின் வயிற்றுப் புண்

பாலில் ஆடை கட்டத் தொடங்கிவிட்டது. முதலில் டம்ளரின் ஓரத்தில் மெல்லிதாக ஒரு சுருக்கம். பிறகு அது நடுவுக்கு நகர்ந்து, காற்றே இல்லாத அந்தக் கூடத்தில் எதற்கோ ஒருமுறை நடுங்கி நின்றது. தளவாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது ஆள், முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு டம்ளர் பாலைப் பார்த்து இப்படி வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்கமாட்டார். அவர் பிறரை நம்பவைக்கிற ஜாதி, நம்புகிற ஜாதி இல்லை. ஜாதி என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது. இந்தக் கூடத்தில் அந்தச் சொல் வேண்டாம். கம்பத்து உச்சியில் நல்லபாம்பு ஒன்று சுருண்டு கிடந்ததாகவும், "லைன்ல வேலை இருக்குடே, கொஞ்சம் தள்ளிப் படு" என்று இவர் சொன்னதாகவும், அது மரியாதையாகத் தள்ளிப் படுத்ததாகவும் பாளையங்கோட்டை ஆபீஸில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பாம்பிடம் பேசிய வாய் இப்போது ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாலைக் கொண்டுவந்து வைத்தவள், ஆபீஸில் இவரோடு வேலை பார்த்த ஏசுவடியானின் மருமகள் ஷீபா. திருச்சிப் பெண். பேச்சில் இந்த ஊர் வாடை கிடையாது, இந்த ஊர் விவரமும் கிடையாது. "எடுத்துக்கோங்க அங்கிள், பால்தான். பனங்கல்கண்டு போட்டிருக்கேன். அல்சருக்கு நல்லதாம், போன்ல தேடிப் பாத்தேன்." வைத்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? நின்றாள். "நீங்கதானே வயித்துப்புண் அங்கிள்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து தினம் ஜெபத்துல உங்களைச் சொல்றேன், இன்னைக்குத்தான் ஆளைப் பாக்குறேன்." தளவாய்க்குக் காது அடைத்தது. "ஜெபத்திலயா? யாரு சொல்லுதா?" "எல்லாரும்தான். எங்க வீட்டுக்காரரு மூணு வயசுல பேசப் பழகினப்பவே, அண்ணாச்சி மாமா வயித்துப் புண்ணை ஆத்தும் ஆண்டவரேன்னுதான் முடிப்பாராம். அதைச் சொன்னாத்தான் சோறாம்." சிரித்தாள். "எங்க மாமனாரு எதுக்கு இந்த வெயில்ல சோடா வாங்க ஓடுறாங்கன்னு தெரியல. முட்டி வலின்னு நேத்துதான் அத்தை தைலம் தேய்ச்சுவிட்டாங்க. வீட்லதான் பால் இருக்கே!" உள்ளே போய்விட்டாள். அறைக்குள்ளிருந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் டர்ர்ர் என்று கேட்டது. நாளைக் காலையில் லாரி வருகிறது. ஏசுவடியானும் அவர் மனைவி பியூலாவும் மகனோடு ஓசூருக்குப் போகிறார்கள், திரும்பி வருகிற போக்கு இல்லை. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

எதுக்கு ஓடுகிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடித்த சட்டம் அது, எழுதி ஒட்டவா முடியும்? தளவாய் அண்ணாச்சி வந்தால் மூடி உடைக்காத சோடா. மூடி அவர் கண் முன்னால்தான் உடைய வேண்டும். கிறிஸ்துமஸுக்குத் தோல் உரிக்காத ஆரஞ்சு, பாக்கெட் பிரிக்காத பிஸ்கட். பச்சரிசியும் வெல்லமும் ஓலைக்கொட்டானில் தனியாக வரும், "வீட்ல பொங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்று. கை பட்டது கூடாது, அடுப்பு பட்டது கூடாது. மிஷின் பட்டால் பரவாயில்லை. மிஷினுக்கு என்ன தெரு இருக்கிறது? அந்த பிஸ்கட் பாக்கெட்டையும் கோமதி குழாயில் காட்டிக் கழுவித்தான் அடுக்களைக்குள் எடுப்பாள். கட்டிய மனைவியைக் குறை சொல்லி என்ன, கழுவட்டும் என்று கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தது யார்? ஏசுவடியான் விருந்துக்குக் கூப்பிட்ட முதல் கிறிஸ்துமஸ், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். அந்த வீடு ஓட்டு வீடு. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பியூலா புதுச்சேலையில் வெட்கமும் பயமுமாகக் கறிச்சட்டியோடு நிற்கிறாள். மசாலா வாசனை வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, நாக்கில் ஊறுகிறது, கால் மட்டும் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததே தப்போ என்று கூசுகிறது. அப்போது அவர் வாய், அவரைக் கேட்காமலே, சொன்னது: "எனக்கு வயித்துல புண்ணுவே. வெளிய எங்கயும் கை நனைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." அதோடு நிறுத்தினாரா? நிறுத்துகிற வாயா அது? டாக்டர் வாய் வழியே டார்ச் அடித்துப் பார்த்தாராம், ஓட்டை நாலணா அகலமாம், அந்த ஓட்டை வழியே சட்டைப் பொத்தான் தெரிந்ததாம். பியூலா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, இந்தச் சின்ன வயசுலயா?" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் இவருக்கு ஒரு நிமிஷம் உண்மையிலேயே வயிறு வலித்தது. பிறகு என்ன, சொன்ன பொய்யைச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. ஆபீஸில் ஏசுவடியான் எதிரே உட்கார்ந்து முப்பது வருஷம் மத்தியானத்துக்குத் தயிர்சோறு. வெறும் தயிர்சோறு, ஊறுகாய்கூட இல்லாமல். அவன் மீன்குழம்பை மறைத்து மறைத்து, இவருக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்பான். முப்பது வருஷம் இவர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு தயிர்சோறு தின்றார். டர்ர்ர். உள்ளே இன்னொரு பெட்டி மூடியாயிற்று.

குடித்துவிடலாம். என்ன பெரிய விஷயம், எடுத்து, கண்ணை மூடி, நாலு மடக்கு. தெருவில் செருப்புச் சத்தம். இல்லை, அது பக்கத்து வீடு. ஏசுவடியான் வலது காலை இழுத்து வைப்பான், அந்தச் சத்தம் வேறு. வைப்பான், வருவான், போவான். அவனுக்கு இவரைவிட இரண்டு வயது கூட. அவன் வாயில் இவர் அண்ணாச்சி, இவர் வாயில் அவன் ஏலே அடியான். இவருடைய சொந்த அண்ணன் பெண்டாட்டியை மைனி என்று கூப்பிடத் தெரிந்த வாய்க்கு, பியூலாவைக் கூப்பிட இத்தனை வருஷத்தில் ஒரு உறவுமுறை கிடைக்கவில்லை, "இந்தாம்மா" என்பதோடு சரி. குடித்துவிடலாம்தான். குடித்தால் என்ன ஆகும்? அவன் சோடா பாட்டிலோடு உள்ளே வருவான், காலி டம்ளரைப் பார்ப்பான். பார்த்தால் கேள்வி வரும்: இன்றைக்குக் குடிக்க முடிகிற வயிறு அன்றைக்கு ஏன் முடியவில்லை? குடித்தால் மனுஷனாகிவிடலாம் என்றுதானே இத்தனை நாளும் நினைத்தது. குடித்தால் அன்றைய கதை அவிழ்ந்துவிடும், அவள் கண்ணீர், அந்த மூன்று வயசுப் பையன், சோற்றுக்கு முன்னால் கைகூப்பி. குடிக்காவிட்டால்? நாளைக் காலையில் லாரி. அதோடு முடிந்தது. சோடாவைக் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, வாரேன்டே என்று எழுந்து போகலாம். ஓசூரில் தினம் ஜெபம் நடக்கும், இவர் செத்த செய்தி போகிற வரைக்கும். செத்த பிறகு, பாவம் அந்த வயிற்றுப் புண்தான் கொண்டுபோய்விட்டது என்பார்கள். இல்லாத புண்ணால் செத்தவர். ஒருவேளை அவனுக்குத் தெரியுமோ? செங்கோட்டையில் ஒரு நாள் பரோட்டாக் கடையில் இவர் மூன்றாவது பரோட்டாவைச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தபோது எதிர்சாரியில் பஸ்ஸுக்கு நின்றது அவன் மாதிரி இருந்தது. மறுநாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று பத்து வருஷம் யோசித்திருக்கிறார். சரி, அதெல்லாம் கிடக்கட்டும், இப்போது கையை எது பிடிக்கிறது, அருவருப்பா? உண்மையைச் சொல்லு தளவாய், இங்கே யாருமில்லை. அருவருப்பு என்று சொன்னால் பாதிப் பொய். ஒன்றுமில்லை என்று சொன்னாலும் பொய். தொண்டைக்குக் கீழே, அம்மா ஊட்டிய முதல் கவளத்துக்கும் அடியில், ஏதோ ஒன்று இந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்து வாயை இறுக்கிக்கொள்கிறது. அதற்கு அவர் வயதுதான். அதற்கு எதுவும் தெரியாது. கம்பத்தில் ஏறியது தெரியாது.

கம்பம். அங்கே தண்ணீர் வேறு, கை வேறு என்றெல்லாம் கிடையாது. இவர் மேலே ஏறுவதற்கு முன் அவன் டிரான்ஸ்பார்மரில் ஸ்விட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கி, துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வான். பெட்டியிலேயே வைத்தால் போகிறவன் வருகிறவன் மோட்டார் ஓடவில்லையே என்று எடுத்து மாட்டிவிடுவான், மேலே இருக்கிற ஆள் கரிக்கட்டை. அதனால் கட்டை கீழே நிற்பவன் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. "கட்டை என் இடுப்புல இருக்கு அண்ணாச்சி, ஏறுங்க." அந்த ஒரு குரல் போதும், இவர் கம்பியை வெறுங்கையால் பிடிப்பார். ஒரு தடவை, கதிர் பால்பிடிக்கிற நேரம், ஒரு தோட்ட முதலாளி நாலு ஆளோடு காரில் வந்து கட்டையைக் கொடு என்று நின்றார். மேலே இவர் இருக்கிறார், கீழே கூச்சல் கேட்கிறது, இறங்குவதற்குள் கார் போய்விட்டது. ஏசுவடியான் இடுப்பைக் கட்டிக்கொண்டு வரப்பில் குப்புறக் கிடந்தான், ஆமை மாதிரி. எழுப்பிப் பார்த்தால் கன்னம் வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பல்வலி" என்றான். இந்தக் கதையை ஆபீஸில் இவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், கம்பத்து உச்சியிலிருந்து நேரே குதித்து ஆறு பேரைப் பந்தாடியதாக. நாலு பேர் ஆறு பேரானார்கள், பல்வலி மட்டும் கதையில் வரவில்லை. பல்வலி. அவனுக்கு எப்போதும் உடம்பில் ஏதாவது வலி இருக்கும். அடிபட்டால் பல்வலி, அன்றைக்கு வயிற்றுவலி. எந்த அன்றைக்கு? தளவாயின் மனசு அங்கே ஒரு கல்லில் தட்டியது மாதிரி நின்றது. வேண்டாம் என்று நகரப் பார்த்தது. டர்ர்ர் என்றது உள்ளே. நகர முடியவில்லை. டீக்கடை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஏசுவடியான் உதவியாளாக வந்து ஒரு மாசம்கூட ஆகாத காலம். ஊர்ப் பேர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர் எவராவது எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்று சண்டைக்கு வருவார். விடிகாலையிலிருந்து வேலை, பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. "ரெண்டு டீ போடும்." கடைக்காரர் இவருக்கு எடுத்த கிளாஸ் மேஜையிலிருந்து எடுத்தது. இரண்டாவதுக்குக் கையைக் கூரைப் பக்கம் நீட்டினார், அங்கே ஓலையில் ஒரு கிளாஸ் தனியாகச் செருகியிருந்தது. இவர் பார்த்தார். அவன் பார்த்தான். அவன் பார்த்ததை இவர் பார்த்தார். பிறகு இவர் கடையில் இருந்த ரேடியோவைப் பார்த்தார். ரேடியோவில் அப்படி என்ன இருந்தது? வயலும் விளைச்சலும் ஏதோ. அந்தக் கை ஓலையைத் தொடுவதற்குள் ஏசுவடியான் சொன்னான், மிகவும் சாதாரணமாக: "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. வயித்துல புண்ணு மாதிரி எரியுது. நீங்க குடிங்க." இவர் குடித்தார். நல்லாருக்குடே என்று வேறு சொன்னார். அன்றைக்கு மத்தியானம் அவன் மிளகாய்த் துவையலைத் தொட்டுத் தொட்டு இரண்டு அடுக்குச் சோற்றையும் தின்றான், புண்ணாவது ஒன்றாவது. இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதே வயிறு. அதே புண். தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தார், முதுகில் பிளாஸ்டிக் நாற்காலி ஒட்டிப் பிரிந்தது. தானாக வாயில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது தானாக வரவில்லை. அவனுடையது. இவர் முகம் சிறுத்துப்போகாமல் இருக்க அவன் சொன்ன பொய்யைக் களவாண்டு, இரண்டு வருஷம் கழித்து, அவன் வீட்டு வாசலிலேயே, அவன் இலைக்கு முன்னாலேயே அவனுக்கே விற்றிருக்கிறார். தன் சட்டையை அடுத்தவன் போட்டுவந்தால் ஒருத்தனுக்குத் தெரியாதா? செங்கோட்டை என்ன, பரோட்டா என்ன, அந்த வினாடியே தெரிந்திருக்கும். அன்று அவன் முகம் எப்படி இருந்தது? எத்தனையோ கதை அளந்தவருக்கு அந்த ஒரு முகம் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. குனிந்து இலையை மடித்தான், அது தெரிகிறது. சோறு பரிமாறாத பச்சை இலை. மடித்து, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, உடம்பு முக்கியம்" என்றான். தெரிந்தா, தெரிந்துமா, வெயிலில் முட்டியை இழுத்துக்கொண்டு, இன்றைக்கும், மூடி உடைக்காத... செருப்புச் சத்தம். இந்தத் தடவை அந்த இழுப்பு இருந்தது. தெருமுனை. இவர் கை டம்ளரை எடுத்தது. ஆறிய பால். ஆடை உதட்டில் ஒட்டியது, கண்ணில் நீர் முட்டியது, விழுங்கினார். கல்கண்டு வாசனை. இன்னும் ஒரு மடக்கு. அடியில் கரையாத கல்கண்டு ஒன்று பல்லில் பட்டு நொறுங்கியது. வைத்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை, குடல் புரளவில்லை, தொண்டைக்குக் கீழே இருந்த அந்தக் கிழட்டுப் பூதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. இந்த ஒன்றுமில்லாததற்கா முப்பத்தெட்டு வருஷம்?

ஆனால் முதலில் உள்ளே வந்தது பியூலா. கொல்லைப்பக்கமாக, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இட்லிச்சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். "வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீய..." என்று தொடங்கியவள் டம்ளரைப் பார்த்தாள், அவர் மீசையில் இருந்த வெள்ளையைப் பார்த்தாள். கை நெஞ்சுக்குப் போனது, அன்றைக்குப் போல.

"குடிச்சீயளா?"

தளவாய் தலையாட்டினார்.

"எங்க வீட்டுப் பாலையா? வயிறு... வயிறு ஒண்ணும் செய்யலயா?"

"இல்ல."

"ஸ்தோத்திரம்!" பியூலா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஏ ஷீபா, இங்க வா! ஆண்டவர் கேட்டுட்டாரு! முப்பத்தெட்டு வருஷம்ளா. ஒருநாள் விடாம. போற நாள்ல காட்டிட்டாரு பாத்தியா!" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஷீபா டேப்போடு ஓடிவந்து, "நான் போட்ட பால் அத்தை!" என்று குதித்தாள்.

வாசலில் ஏசுவடியான். வேர்த்து, மூச்சு வாங்க, கையில் சோடா பாட்டில். டம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியாகத் தளவாயைப் பார்த்தார். பாட்டிலை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். அந்த முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று தளவாய் தேடினார். இல்லை. கோபமும் இல்லை. கம்பத்தடியில் அண்ணாந்து நின்று, மேலே இருக்கிறவன் எங்கே காலை வைக்கப்போகிறான் என்று பார்க்கிற முகம்.

நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. குற்றாலத்து மலைமேல் ஒரு வைத்தியர், தொண்ணூறு வயசு, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்று இலையைக் கொடுத்தார், மூன்றாவது இலையில் புண் இருந்த இடம் குழந்தை கன்னம் மாதிரி ஆகிவிட்டது. சொன்னால் போதும். பியூலா இன்னும் அழுவாள், சந்தோஷமாகவே அழுவாள். ஏசுவடியான் வழக்கம்போல ஒன்றும் சொல்லமாட்டார். ஓசூரில் இனி நன்றி ஜெபம் நடக்கும். அதுவும் இவர் பேரில்தான்.

"மைனி," என்றார் தளவாய்.

பியூலா முந்தானையை இறக்கினாள். யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வயித்துப் புண்ணே கிடையாது. எப்பமும் இருந்ததில்ல."

அவ்வளவுதான். பாம்பில்லை, டார்ச்சில்லை, சட்டைப் பொத்தானில்லை. அவர் ஆயுசில் சொன்னதில் மிகச் சின்னக் கதை. ஷீபா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கையில் டேப் சுருள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"அப்பம்," பியூலாவின் குரல் மெதுவாக வந்தது, "நாங்க ஜெபிச்சது?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அவுக சொன்ன அன்னைக்கே தெரியும்," என்றார் ஏசுவடியான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சா பிள்ளைய முட்டிபோட்டு நிக்கவிட்டீய?"

"சொன்னா நீ அழுவ. ஜெபிக்கும்போ நீ அழல."

"இப்பம் அழுதேனே!"

"ஆமா." ஏசுவடியான் ஜன்னல் கட்டையிலிருந்த சோடாவை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். "இருந்தாலும் டம்ளர் காலிதானே பியூலா."

வந்தாள், தளவாய் முன்னாலிருந்த டம்ளரை எடுத்தாள், உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் குழாய் திறக்கிற சத்தம். டம்ளரைக் கழுவுகிறாள். வெகுநேரம் கழுவினாள். கோமதி பிஸ்கட் பாக்கெட்டைக் குழாயில் காட்டுகிற சத்தம் தளவாய்க்குக் காதில் வந்தது, இது அதேதானோ, நம் வாய் பட்டதை இப்படிக் கழுவுகிறாளோ, கழுவட்டும், கழுவ அவளுக்கு உரிமை உண்டு என்று நினைத்தார். நினைத்தபோதும் வலித்தது. அவருக்கு அது புதிது. எழுந்து போய்விடலாம் என்று கால் சொன்னது. வாசலில் நின்ற ஏசுவடியானைத் தாண்டாமல் போகமுடியாது. அவர் நகரவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே லைட்டர் சொடுக்குகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. பிடிக்கவில்லை. மூன்றாவதில் பொசுக்கென்று பிடித்தது.

பியூலா வந்தாள். அதே டம்ளர், ஆவி பறக்க. கறுத்த டீ, இஞ்சி தட்டிப்போட்டது, நெடி கூடம் முழுக்க ஏறியது. அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு பெட்டிகளுக்கு நடுவிலிருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முன்னால் அவள் உட்கார்ந்து இதுவரை அவர் பார்த்ததில்லை. அழுத கண் இன்னும் காயவில்லை, ஆனால் அதில் இரக்கம் ஒரு துளி கிடையாது.

"புண்ணு இல்லல்லா, குடிங்க," என்றாள். "குடிச்சிக்கிட்டே சொல்லுங்க. மொதல் நாள்லேர்ந்து. ஒண்ணும் கூட்டாம, ஒண்ணும் விடாம."

பொய் என்றால் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தளவாய்க்குத் தூக்கத்திலும் தெரியும். இது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. டீக்கடையிலா, அந்த ஓலையிலா, அதற்கும் முன்னாலா? டம்ளர் விரலைச் சுட்டது. கீழே வைக்க இடம் இருந்தது. அவர் வைக்கவில்லை.

"ஒரு கடையில," என்று தொடங்கினார், "ரெண்டு டீ சொன்னேன் மைனி..."